ஃபோட்டோஷாப் ஆக்‌ஷன்ஸும் நோட் டூலும்: ஆல்பம் டிசைனரின் ரிவ்யூ

ஃபோட்டோஷாப் என்றாலே இப்போது எல்லோரும் ஏ.ஐ. பற்றித்தான் பேசுகிறார்கள். 2023-ல் ஜெனரேட்டிவ் ஃபில் வந்ததிலிருந்து எந்த வீடியோவைத் திறந்தாலும் அதே பேச்சு. நல்ல வசதிதான், நானும் பயன்படுத்துகிறேன். ஆனால் ஒரு முகூர்த்த சீசனில் என் நேரத்தை உண்மையிலேயே மிச்சப்படுத்துவது எது என்று கேட்டால், செய்த வேலையைப் பதிவு செய்து திரும்ப ஓட்டுகிற, 1996-ல் நான்காம் பதிப்போடு வந்த ஆக்‌ஷன்ஸ் பேனலைத்தான் சொல்வேன். அடுத்தபடியாக, நிறம் எடுக்கும் ஐட்ராப்பருக்குப் பின்னால் யார் கண்ணிலும் படாமல் கிடக்கும், படத்தின் மேல் குறிப்பு எழுதும் நோட் டூல். முதலாவதைப் பாதிப் பேர் அரைகுறையாகப் பயன்படுத்துகிறார்கள், இரண்டாவது இருப்பதே பலருக்குத் தெரியாது. இரண்டையும் சேர்த்துப் பயன்படுத்தினால்தான் முழுப் பலன் என்பது என் கருத்து, அதற்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

நான் செய்வது ஸ்டுடியோக்களுக்கு ஆல்பம் டிசைன். கல்யாணம், வளைகாப்பு, காதுகுத்து, நடுநடுவே பாஸ்போர்ட் படம், பள்ளிக்கூட ஐடி கார்டு. இந்தத் தொழிலில் மூளையைப் பயன்படுத்துகிற நேரத்தைவிடக் கை ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்கிற நேரம்தான் அதிகம். ஒரு 12x36 அங்குல ஷீட் என்றால் 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 பிக்ஸல்) கணக்கில் 10800-க்கு 3600 பிக்ஸல். அதை டிசைன் செய்வது ஒரு வேலை. அதைத் திறந்து, ஃப்ளாட்டன் செய்து (லேயர் என்னும் அடுக்குகளை ஒன்றாக்கி), பிரின்ட் போடும் லேப் கேட்கிற கலர் ப்ரொஃபைலுக்கு மாற்றி, ஜேபெக் ஆக்கி, மூடுவது இன்னொரு வேலை. முதல் வேலைக்குத்தான் நமக்குக் காசு தருகிறார்கள். இரண்டாவதை ஷீட் ஷீட்டாகக் கையால் செய்துகொண்டிருப்பவர்களை இன்றும் பார்க்கிறேன், மனசு கேட்கவில்லை.

ஆக்‌ஷன் என்பது வேறொன்றும் இல்லை. விண்டோ மெனுவில் ஆக்‌ஷன்ஸ் என்று இருக்கும், விண்டோஸில் ஆல்ட்டோடு எஃப்9 அழுத்தினாலும் வரும். புதிதாக ஒரு செட் உருவாக்கி, அதற்குள் ஒரு ஆக்‌ஷன் தொடங்கி, ரெக்கார்ட் பட்டனை அழுத்திவிட்டு வழக்கமான வேலையைச் செய்ய வேண்டும். முடிந்ததும் ஸ்டாப். நீங்கள் செய்த ஒவ்வொன்றும் வரிசையாகப் பதிவாகி இருக்கும். பெயர் வைக்கும்போதே ஒரு ஃபங்ஷன் கீயும் கொடுக்கலாம், ஷிஃப்ட், கன்ட்ரோலோடு சேர்த்தும் கொடுக்கலாம். ரெக்கார்ட் ஓடும்போது நிதானமாகச் செய்யலாம், அது எவ்வளவு நேரம் எடுத்தோம் என்பதைப் பதிவு செய்வதில்லை, என்ன செய்தோம் என்பதை மட்டும்தான். இது தெரியாமல் பதற்றத்தில் அவசர அவசரமாகக் க்ளிக் செய்து பாதியில் விட்டவர்கள் உண்டு.

பாஸ்போர்ட் படத்தை வைத்தே சொல்கிறேன், ஏனென்றால் ஆக்‌ஷனின் பலமும் பலவீனமும் இந்த ஒரே வேலையில் தெரிந்துவிடும். 3.5-க்கு 4.5 சென்டிமீட்டர் படம், 4x6 அங்குல ஷீட்டில் நாலு பத்தி, இரண்டு வரிசை, மொத்தம் 8. படத்தை க்ராப் செய்ய வேண்டும், அளவை 300 டிபிஐ-யில் சரியாக வைக்க வேண்டும் (413-க்கு 531 பிக்ஸல் வரும்), மெல்லிய கறுப்புக் கோடு கொடுக்க வேண்டும், சுற்றி வெட்டுவதற்கு இடம் விட வேண்டும், கேன்வாஸை ஷீட் அளவுக்குப் பெரிதாக்கி லேயரை நகலெடுத்து வரிசையாக அடுக்க வேண்டும், கடைசியில் ஃப்ளாட்டன். இதில் க்ராப்பைத் தவிர எல்லாமே எந்த முகத்துக்கும் ஒன்றுதான். க்ராப் மட்டும் ஆளுக்கு ஆள் மாறும். தலைமுடி உயரம், தோள் அகலம், ஃபோட்டோ எடுத்தவர் நின்ற தூரம் என்று எத்தனையோ இருக்கிறது. அதைக் கண்ணால் பார்த்துத்தான் வைக்க வேண்டும்.

இங்கேதான் பேனல் மெனுவில் இருக்கும் 'இன்சர்ட் ஸ்டாப்' கை கொடுக்கிறது. ஆக்‌ஷனின் நடுவில் ஒரு நிறுத்தம் வைத்து, அதில் ஒரு செய்தியும் எழுதலாம். 'முகத்தை நடுவில் வைத்து க்ராப் செய்யவும், உச்சந்தலைக்கு மேல் கொஞ்சம் இடம் விடவும், பிறகு ப்ளே அழுத்தவும்' என்று எழுதி வைத்தால், ஆக்‌ஷன் அந்த இடத்தில் நின்று செய்தியைக் காட்டும். வேலையை முடித்து ப்ளே அழுத்தினால் அடுத்த படியிலிருந்து தொடரும். 'அலௌ கன்டினியூ' என்பதை டிக் செய்து வைத்தால் கன்டினியூ பட்டனும் சேர்ந்து வரும், ஏற்கெனவே சரியாக க்ராப் ஆன படம் என்றால் அப்படியே தாண்டிப் போகலாம். இந்தச் சின்ன வசதியைத்தான் நான் ஃபோட்டோஷாப்பின் சிறந்த குறிப்பெழுதும் இடம் என்று சொல்வேன். குறிப்பு படத்துக்குள் இல்லை, வேலைக்குள் இருக்கிறது. கடையில் புதிதாகச் சேர்ந்த தம்பிக்கு நாம் பக்கத்தில் நின்று சொல்ல வேண்டியதை, சரியான நேரத்தில் அது சொல்கிறது. நாம் வெளியே லேபுக்குப் போயிருந்தாலும் சொல்கிறது.

ஸ்டாப்பைத் தவிர இன்னொன்றும் இருக்கிறது. ஒவ்வொரு படிக்கும் இடப்பக்கத்தில் சின்னப் பெட்டி மாதிரி ஒரு அடையாளம் வரும். அதை ஆன் செய்தால் அந்தப் படியில் டயலாக் பாக்ஸ் திறந்து நம்மிடம் கேட்கும். வெளிச்சம் திருத்துகிற லெவல்ஸ் படியில் இதை ஆன் செய்து வைப்பேன். மற்றதெல்லாம் தானாக ஓடும், லெவல்ஸ் மட்டும் திறந்து நிற்கும். மண்டபத்துக்குள் எடுத்த படமும் கோயில் வாசலில் எடுத்த படமும் ஒரே எண்ணில் சரியாகாது, அதை இயந்திரத்திடம் விடவே கூடாது. ரெடிமேட் ஆக்‌ஷன் தொகுப்புகள் என்று ஆன்லைனில் நூற்றுக்கணக்கில் கிடைக்கின்றன, அவற்றில் பெரும்பாலானவற்றில் எனக்கு இருக்கும் வருத்தம் இதுதான். எல்லாவற்றையும் ஒரே எண்ணில் பூட்டி வைத்துவிடுகிறார்கள், மாநிறத் தோலெல்லாம் வெளிறிப்போய் வருகிறது. வாங்குகிறவர்கள் குறைந்தது அந்த டயலாக் பெட்டிகளை ஆன் செய்துவிட்டு ஓட்டிப் பாருங்கள்.

சரி, குறைகளுக்கு வருவோம். ஆக்‌ஷன் லேயரைப் பெயரை வைத்துத்தான் நினைவில் வைத்துக்கொள்கிறது. ரெக்கார்ட் செய்யும்போது 'பேக்ரவுண்ட் காப்பி' என்ற லேயரை மௌஸால் க்ளிக் செய்திருந்தால், வேறு ஃபைலில் அந்தப் பெயரில் லேயர் இல்லாதபோது, அது கிடைக்கவில்லை என்று எரர் காட்டி நின்றுவிடும். இதற்கு வழி, பேனலில் க்ளிக் செய்யாமல் கீபோர்டால் மேலே கீழே போவது. ஆல்ட்டோடு சதுர அடைப்புக்குறி கீகளை அழுத்தினால் அடுத்த லேயர், முந்தைய லேயர் என்று பதிவாகும், பெயர் பதிவாகாது. ஆல்ட்டோடு புள்ளி அழுத்தினால் மேல் லேயர், கமா அழுத்தினால் அடி லேயர். இந்த நாலு கீயைத் தெரிந்துகொண்டாலே பாதி ஆக்‌ஷன் பிரச்சினை தீர்ந்துவிடும். இவ்வளவு முக்கியமான விஷயத்தை மென்பொருளே ஒரு இடத்தில் எச்சரித்துச் சொல்லியிருக்கலாம், சொல்வதில்லை.

இடமும் அளவும் அடுத்த சிக்கல். எதை எங்கே வைத்தோம் என்பதை ஆக்‌ஷன் ரூலர் எந்த அலகில் இருக்கிறதோ அந்த அலகில் பதிவு செய்யும். பிக்ஸலில் இருந்தால் பெரிய படத்தில் வாட்டர்மார்க் மூலையை விட்டு நடுவுக்கு வந்து நிற்கும். ரூலரைப் பர்சென்ட்டுக்கு மாற்றிவிட்டு ரெக்கார்ட் செய்யலாம். எனக்குப் பிடித்த வழி வேறு. முழுப் படத்தையும் செலெக்ட் செய்துவிட்டு லேயர் மெனுவில் அலைன் கொடுத்து வலது ஓரம், கீழ் ஓரம் என்று சொல்லிவிடுவது. படம் எந்த அளவில் இருந்தாலும் மூலையில் போய் உட்காரும். அதேபோல் படத்தைச் சின்னதாக்கும் படிக்கு இமேஜ் சைஸ் வேண்டாம். ஃபைல் மெனுவில் ஆட்டோமேட்டுக்குள் 'ஃபிட் இமேஜ்' என்று ஒன்று இருக்கிறது. 2000-க்கு 2000 என்று கொடுத்தால் படம் நெடுக்கோ படுக்கோ அந்தச் சதுரத்துக்குள் அடங்குகிற மாதிரி தானே பார்த்துக்கொள்ளும். செலெக்‌ஷனுக்காக வாடிக்கையாளருக்கு அனுப்புகிற படங்களுக்கு இதைவிடச் சுலபமான வழி இல்லை.

ப்ரஷ்ஷால் தீட்டுவது சாதாரணமாகப் பதிவாகாது. பேனல் மெனுவில் 'அலௌ டூல் ரெக்கார்டிங்' என்பதை ஆன் செய்தால் பதிவாகும், ஆனால் அதே இடத்தில் அதே கோட்டைத்தான் திரும்பப் போடும், அடுத்த படத்தில் முகம் வேறு இடத்தில் இருக்கும். நான் அதைத் தொடுவதே இல்லை.

அப்புறம், எந்த ஆக்‌ஷனுக்கும் முதல் படியாக ஹிஸ்டரி பேனலில் ஒரு ஸ்னாப்ஷாட் எடுக்கிறதைப் பதிவு செய்யுங்கள். ஆக்‌ஷன் இருபது படி ஓடிய பிறகு பிடிக்கவில்லை என்றால் ஒவ்வொன்றாக அன்டூ போக வேண்டாம், ஸ்னாப்ஷாட்டைக் க்ளிக் செய்தால் பழைய இடம்.

ஆக்‌ஷனை ஒரு ஃபோல்டர் முழுக்க ஓட்டுவதுதான் பேட்ச். ஃபைல், ஆட்டோமேட், பேட்ச். பார்க்கவே கொஞ்சம் பயமுறுத்துகிற பெட்டி. அதில் இருக்கும் 'ஓவர்ரைட் ஆக்‌ஷன் ஓபன்', 'ஓவர்ரைட் ஆக்‌ஷன் சேவ் ஆஸ்' என்ற இரண்டு டிக்கில்தான் எல்லோரும் மாட்டிக்கொள்கிறார்கள், அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

உங்கள் ஆக்‌ஷனில் ஓபன் என்ற படி பதிவாகி இருந்தால், முதல் டிக்கைப் போட வேண்டும். போடாவிட்டால் ரெக்கார்ட் செய்த அன்று திறந்த அதே ஃபைலைத்தான் திரும்பத் திரும்பத் திறக்கும். ஆக்‌ஷனில் ஓபன் படியே இல்லாதபோது இந்த டிக்கைப் போட்டால் ஃபோல்டரில் இருக்கும் எந்தப் படமும் திறக்காது. சேவ் ஆஸ் விஷயம் இன்னும் முக்கியம். ஜேபெக் குவாலிட்டியைக் கேட்க பேட்ச் பெட்டியில் இடமே இல்லை. அதனால் ஆக்‌ஷனுக்குள்ளேயே ஒரு சேவ் ஆஸ் படியைக் குவாலிட்டி 12 என்று வைத்துப் பதிவு செய்துகொண்டு, பேட்ச்சில் டெஸ்டினேஷனை ஃபோல்டர் என்று கொடுத்து, இரண்டாவது டிக்கைப் போட வேண்டும். அப்போது குவாலிட்டியை ஆக்‌ஷனிலிருந்தும், பெயரையும் இடத்தையும் பேட்ச்சிலிருந்தும் எடுத்துக்கொள்ளும். தலைகீழாக யோசித்து வடிவமைத்த மாதிரி இருக்கிறது, ஆனால் ஒருமுறை புரிந்துவிட்டால் மறக்காது. டெஸ்டினேஷனில் 'சேவ் அண்ட் க்ளோஸ்' என்பதை மட்டும் ஒரிஜினல் படங்கள் இருக்கும் ஃபோல்டரில் கொடுத்துவிடாதீர்கள். அது அதே ஃபைல் மேல் சேவ் செய்யும். மெமரி கார்டை ஃபார்மட் செய்துவிட்ட பிறகு அந்தக் கல்யாணத்தை மறுபடி எடுக்க முடியாது.

கீழே எரர்ஸ் என்ற இடத்தில் 'லாக் எரர்ஸ் டு ஃபைல்' என்று மாற்றி வையுங்கள். இல்லையென்றால் சாப்பிடப் போகும்போது ஓடவிட்டுப் போன பேட்ச், ஏதோ ஒரு ஃபைலில் கேள்வி கேட்டு நின்று, திரும்பி வரும்வரை அங்கேயே நிற்கும். லாக் வைத்தால் கெட்டுப்போன ஃபைலைக் குறித்துக்கொண்டு மீதியை முடித்துவிடும்.

இவ்வளவும் வேண்டாம், ஃபோல்டரில் உள்ளதை ஜேபெக் ஆக்கினால் போதும் என்பவர்களுக்கு ஸ்க்ரிப்ட்ஸ் மெனுவில் இமேஜ் ப்ராசஸர் இருக்கிறது. சிஎஸ்2 என்ற பழைய பதிப்பின் காலத்துச் சரக்கு. ஜேபெக், பிஎஸ்டி (ஃபோட்டோஷாப்பின் சொந்த ஃபைல் வகை), டிஃப் மூன்றையும் ஒரே ஓட்டத்தில் எடுக்கும், அளவை அடக்கும், எஸ்ஆர்ஜிபி கலர் ப்ரொஃபைலுக்கு மாற்றும், வேண்டுமானால் ஒரு ஆக்‌ஷனையும் சேர்த்து ஓட்டும். ஃபைல் பெயரை மாற்றும் வசதி மட்டும் இல்லை. லேபுக்கு ஷீட் அனுப்ப நான் இதைத்தான் பயன்படுத்துகிறேன், பேட்ச்சைவிடத் தவறு நடக்க வாய்ப்பு குறைவு. ட்ராப்லெட் என்று இன்னொன்று, ஆக்‌ஷனையே டெஸ்க்டாப்பில் ஒரு ஐகானாக ஆக்கி வைப்பது. ஃபோல்டரை இழுத்து அதன் மேல் போட்டால் வேலை நடக்கும். மெனுவுக்குள் போய்ப் பழகாதவர்கள் இருக்கும் கடைக்கு நல்லது. சந்தாவில் வரும் சிசி பதிப்புகளில் 'இன்சர்ட் கண்டிஷனல்' உண்டு. படம் நெடுக்காக இருந்தால் இந்த ஆக்‌ஷன், இல்லையென்றால் அந்த ஆக்‌ஷன் என்று பிரித்துவிடலாம். இரண்டு பக்கமும் கலந்து கிடக்கும் ஃபோல்டருக்கு அருமையான வசதி.

ஐடி கார்டு வேலை செய்கிறவர்களுக்கு ஆக்‌ஷனைவிட வேரியபிள்ஸ்தான் தெய்வம். இமேஜ் மெனுவில் கடைசிப் பக்கமாக இருக்கும். பெயர் லேயர், வகுப்பு லேயர், படம் லேயர் மூன்றுக்கும் வேரியபிள் பெயர் கொடுத்து, எக்ஸெல்லில் அதே பெயர்களை முதல் வரிசையில் வைத்துப் பட்டியலைத் தயாரித்து, சிஎஸ்வி (கமாவால் பிரித்த டெக்ஸ்ட் ஃபைல்) ஆக்கி உள்ளே இழுத்தால், பள்ளிக்கூடம் முழுவதற்கும் கார்டு தானாக வரும். படம் இருக்கும் இடத்தின் பாதையையும் ஒரு பத்தியாகக் கொடுத்துவிட்டால் முகமும் மாறும். எக்ஸ்போர்ட்டில் 'டேட்டா செட்ஸ் அஸ் ஃபைல்ஸ்' கொடுத்தால் ஒவ்வொன்றும் பிஎஸ்டியாக வெளியே வரும், அதை இமேஜ் ப்ராசஸரில் போட்டு ஜேபெக் ஆக்க வேண்டியதுதான்.

இதிலும் இரண்டு கவனிக்க வேண்டியவை. நீளமான பெயருக்கு எழுத்து தானாகச் சின்னதாகாது, பெட்டிக்கு வெளியே போய்விடும். பட்டியலிலேயே நீளமான பெயர்களைத் தேடி எடுத்துத் தனியாகப் பார்க்க வேண்டும். இரண்டாவது தமிழ். பாமினி மாதிரி பழைய எழுத்துருவில் டிசைன் செய்து பழகிய கடைகளில் பட்டியல் யூனிகோடில் வரும்போது குழப்பம் ஆரம்பிக்கும். யூனிகோட் எழுத்துருவுக்கு மாறுவதுதான் சரி. பழைய சிசி பதிப்புகளில் பிரிஃபரன்ஸில் டைப் பகுதிக்குப் போய் 'மிடில் ஈஸ்டர்ன் அண்ட் சவுத் ஏஷியன்' என்பதைத் தேர்ந்தெடுக்காவிட்டால் 'கெ'யில் வர வேண்டிய கொம்பு ககரத்துக்குப் பின்னால் போய் நிற்கும். ஒரு குழந்தையின் பெயரை அப்படி உடைத்து அச்சடித்துக் கழுத்தில் மாட்டிவிடுவது சின்ன விஷயம் இல்லை. இறக்குவதற்கு முன்னால் இரண்டு மூன்று பெயரைப் போட்டுப் பார்த்துவிட்டு ஓட்டுங்கள்.

இனி நோட் டூல். ஐட்ராப்பர் மேல் மௌஸை அழுத்திப் பிடித்தால் ரூலர், கவுன்ட்டோடு அதுவும் வரும். படத்தில் எங்கே க்ளிக் செய்கிறீர்களோ அங்கே சின்னக் குறிப்புத்தாள் ஐகான் உட்காரும், நோட்ஸ் பேனல் திறக்கும், எழுத வேண்டியதுதான். மேலே ஆப்ஷன் பாரில் எழுதியவர் பெயரும் நிறமும் கொடுக்கலாம். ஒரு படத்தில் பல குறிப்பு இருந்தால் பேனலில் இருக்கும் அம்புக்குறியால் ஒன்றிலிருந்து ஒன்றுக்குப் போகலாம். இது அச்சாகாது, ஜேபெக்கில் போகாது. பிஎஸ்டி, டிஃப், பிடிஎஃப் மூன்றிலும் கூடவே இருக்கும்.

அச்சாகாது என்பதுதான் இதன் மொத்த மதிப்பும். எங்கள் தொழிலில் கரெக்‌ஷனை எப்படிக் குறிக்கிறார்கள் என்று பாருங்கள். மேலே ஒரு டெக்ஸ்ட் லேயர் போட்டு, சிவப்பு எழுத்தில், 'இந்தப் படம் மாத்தணும்' என்று எழுதி வைப்பார்கள். அந்த லேயரை ஆஃப் செய்ய மறந்து ஷீட் லேபுக்குப் போனால், தாலி கட்டுகிற படத்துக்கு மேல் அந்த எழுத்தோடு பிரின்ட் ஆகி வரும். அதிலும் பேட்ச் ஓட்டுகிறவர்களுக்கு ஆபத்து இரட்டிப்பு, ஏனென்றால் ஒவ்வொரு ஷீட்டையும் கண்ணால் பார்க்காமலே அது ஜேபெக் ஆகிவிடும். வேகம் கூடக்கூட, குறிப்பு படத்திலிருந்து விலகி இருக்க வேண்டியது அவசியம். ஆக்‌ஷனையும் நோட்டையும் சேர்த்துப் பயன்படுத்தச் சொல்வது இதனால்தான்.

வாடிக்கையாளர் கரெக்‌ஷன் இப்போது எப்படி வருகிறது? வாட்ஸாப்பில், வாய்ஸ் மெசேஜாக, நாலைந்து பேரிடமிருந்து. 'அஞ்சாவது ஷீட்ல பெரியப்பா பாதி வெட்டுப்பட்டிருக்காரு தம்பி', 'ரிசப்ஷன்ல எங்க அத்தை படம் ஒண்ணுகூட வரலை', 'அந்தப் பச்சைப் புடவை ஆள் யாருன்னே தெரியலை, எடுத்துருங்க'. இதை நோட்டுப் புத்தகத்தில் எழுதினால் ஷீட் எண் குழம்பும், நடுவில் ஒரு ஷீட் சேர்த்துவிட்டால் எல்லா எண்ணும் ஒன்று தள்ளிப்போகும். கேட்ட உடனே அந்த பிஎஸ்டியைத் திறந்து, பெரியப்பாவின் தோள் மேலேயே ஒரு நோட் வைத்துவிட்டால் குழப்பமே இல்லை. எழுதியவர் பெயர் இடத்தில் சொன்னவர் பெயரைப் போடுகிறேன், 'மாப்பிள்ளை', 'பொண்ணோட அண்ணன்' என்று. நாளைக்கு இரண்டு வீட்டுக்காரர்களும் ஒரே படத்துக்கு வேறு வேறு சொன்னால் யார் என்ன சொன்னார்கள் என்பது அங்கேயே இருக்கும். வாடிக்கையாளர் சொன்னதற்குச் சிவப்பு, எனக்கு நானே எழுதிக்கொள்வதற்கு மஞ்சள்.

குறை என்றால், வேலை முடிந்தது என்று குறிக்க வழியில்லை, அழிக்க மட்டும்தான் முடியும். பதில் எழுத முடியாது. ஐம்பது ஷீட்டில் எதிலெல்லாம் குறிப்பு இருக்கிறது என்று திறக்காமல் தெரிந்துகொள்ள முடியாது, இது பெரிய குறை. க்ளவுடில் ஃபைலை வைத்து லிங்க் அனுப்பினால் கமென்ட்ஸ் பேனலில் பதிலோடு உரையாடலாகவே நடத்தலாம், அதுவும் ஃபோட்டோஷாப்பிலேயே இருக்கிறது. ஆனால் 12x36 பிஎஸ்டியை லேயரோடு க்ளவுடில் ஏற்றுவது எங்கள் ஊர் இன்டர்நெட்டில் நடக்கிற காரியம் இல்லை. மாற்றாக, ஷீட்டை ஃபோட்டோஷாப் பிடிஎஃப்பாக அனுப்பி, கமென்ட் எழுதத் தெரிந்த வாடிக்கையாளர் அக்ரோபாட்டில் குறித்து அனுப்பினால், ஃபைல் மெனுவில் இம்போர்ட், நோட்ஸ் கொடுத்து அந்தக் குறிப்புகளை உள்ளே இழுக்கலாம்.

இரண்டு டிசைன் மாதிரி காட்டுகிறவர்கள் ஒரே ஃபைலில் லேயர்களின் பல நிலைகளைச் சேமித்து வைக்கும் லேயர் காம்ப்ஸ் பேனலைப் பாருங்கள். ஒவ்வொரு காம்ப்புக்கும் ஒரு கமென்ட் எழுத இடம் இருக்கிறது. இன்னொன்று ஹிஸ்டரி லாக். பிரிஃபரன்ஸில் ஆன் செய்தால், படத்தில் என்னென்ன செய்தோம் என்பதை ஃபோட்டோஷாப்பே மெட்டாடேட்டாவிலோ (படத்தோடு சேர்ந்து போகும் தகவல் பகுதி) தனி டெக்ஸ்ட் ஃபைலிலோ எழுதி வைக்கும். டீடெய்ல்ட் என்று வைத்தால் எந்த எண் கொடுத்தோம் என்பது வரைக்கும் வரும். போன வருடம் கொடுத்த அதே கலர் டோன் தங்கச்சி கல்யாணத்துக்கும் வேண்டும் என்று வந்து நிற்பவர்களுக்கு, பழைய ஃபைலைத் திறந்து பார்த்து அப்படியே கொடுக்கலாம். மெட்டாடேட்டாவுக்குள் எழுதினால் ஃபைல் பெரிதாகும், டெக்ஸ்ட் ஃபைலில் எழுதச் சொல்வது நல்லது.

விலை பற்றிச் சொல்லாமல் விட முடியாது. 2012-ல் வந்த சிஎஸ்6 தான் ஒரே தடவை காசு கொடுத்து வாங்க முடிந்த கடைசிப் பதிப்பு. அதற்குப் பிறகு எல்லாம் சந்தாதான், ஆடி, மார்கழியில் வேலை இல்லாவிட்டாலும் கட்டியாக வேண்டும். சின்ன ஸ்டுடியோவுக்கு இது பாரம். முறையாக வாங்கிய சிஎஸ்6 இன்னும் ஓடுகிறது என்றால், நான் மேலே சொன்னதில் ஜெனரேட்டிவ் ஃபில், கண்டிஷனல், க்ளவுட் கமென்ட் போன்றவை தவிர பெரும்பாலானவை அதிலேயே இருக்கின்றன, இந்த வசதிகளுக்காக மட்டும் புதிய பதிப்புக்குப் போக வேண்டாம்.

மாற்று மென்பொருளில் ஜிம்ப் இலவசம், ஆனால் ரெக்கார்ட் பட்டன் கிடையாது. தானியக்கம் வேண்டுமென்றால் ஸ்க்ரிப்ட்-ஃபூவிலோ பைத்தானிலோ ப்ரோக்ராம் எழுத வேண்டும், அது ஸ்டுடியோக்காரருக்கு ஆகிற காரியம் இல்லை. அஃபினிட்டியில் மேக்ரோ பதிவும் பேட்ச் ஜாபும் உண்டு, சின்ன வேலைகளுக்குப் போதும். படங்களுக்குக் குறிப்பு எழுதி அடுக்கி வைப்பது மட்டும் தேவை என்றால் டிஜிகேம் இலவசமாகவே நன்றாகச் செய்கிறது, அதில் பேட்ச் க்யூவும் இருக்கிறது. வெறும் அளவு மாற்றம், பெயர் மாற்றம் என்றால் எக்ஸ்என்கன்வர்ட் போதும், ஃபோட்டோஷாப்பைத் திறக்கவே தேவையில்லை.

ஆக்‌ஷன்ஸுக்கு நான் ஐந்துக்கு நாலரை கொடுப்பேன், லேயர் பெயர் விவகாரத்துக்கு அரை குறைத்து. நோட் டூலுக்கு மூன்று. உருவாக்கிய ஆக்‌ஷன்களைச் செட் செட்டாக ஏடிஎன் ஃபைலாகச் சேமித்து வேறு ட்ரைவில் வையுங்கள். சேவ் ஆக்‌ஷன்ஸ் மங்கலாக இருந்தால் ஆக்‌ஷனைத் தேர்ந்தெடுத்திருக்கிறீர்கள் என்று அர்த்தம், செட்டைத் தேர்ந்தெடுத்தால் வரும். ப்ரிஃபரன்ஸ் கெட்டு ரீசெட் செய்ய வேண்டி வந்தால் இது இல்லாமல் எல்லாம் போய்விடும்.

நோட் டூலுக்கு அடோபி செய்ய வேண்டியது ஒன்றே ஒன்றுதான்: குறிப்பு உள்ள பிஎஸ்டிகளை மட்டும், அடோபியின் ஃபைல் பார்க்கும் மென்பொருளான பிரிட்ஜில் வடிகட்டிக் காட்ட ஒரு ஃபில்டர். அது வரும்வரை நான் செய்வது, நோட் வைத்து சேவ் செய்ததும் பிரிட்ஜில் அந்த ஃபைலைத் தேர்ந்து கன்ட்ரோலோடு 6 அழுத்திச் சிவப்பு லேபிள் கொடுப்பது. கரெக்‌ஷன் முடித்து நோட்டை அழித்ததும் கன்ட்ரோலோடு 8, பச்சை. லேபுக்கான இமேஜ் ப்ராசஸரை ஓட்டும் முன் பிரிட்ஜ் ஃபில்டரில் சிவப்பைத் தட்டிப் பார்க்கிறேன், ஒன்றும் வரவில்லை என்றால்தான் ரன் அழுத்துவேன்.